வேலையில்லாத சாத்தான் வாலால் ஈ அடிப்பான்: ஸ்பானிய இலக்கியத்திலும் பேச்சிலும் சாத்தான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய மொழி சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இவர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் சாத்தானை இழுக்கிறார்கள்?" அந்தக் கேள்வியும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் மற்றக் கேள்விகளும் இங்கே. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். 'தியாப்லோ' என்பதன் முதல் எழுத்தை 'தினம்' என்று சொல்லும்போது வரும் ஒலியோடு படியுங்கள்.

ஆமாம், ஏன் எதற்கெடுத்தாலும் சாத்தான்?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் ஸ்பானியர், "தோந்தே தியாப்லோஸ்..." என்று தொடங்குவார். 'எந்தச் சாத்தான்களிடம் போய்த் தொலைந்தது' என்பதுபோல வைத்துக்கொள்ளலாம். நாம் அந்த இடத்தில் சனியனைக் கூப்பிடுகிறோம். "அந்தச் சனியன் பிடித்த சாவி எங்கே போனது?" என்னும்போது நம்மில் எவரும் ஏழரை நாட்டானை நினைப்பதில்லை. அவர்களும் நரகத்தை நினைப்பதில்லை.

ஆனால் பழக்கம் வந்த வழி நீளமானது. பல நூறு ஆண்டுகள் பிரசங்கத்தில் கேட்டு, திருவிழா நாடகங்களில் பார்த்து, பாட்டிகளின் வாயில் பழமொழியாகப் புழங்கி, பயமுறுத்த வந்த ஆள் கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவனாகிவிட்டான். அவனுடைய பழைய தொழில், அதாவது ஆசை காட்டிக் கெடுப்பது, மொழிக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.

தியாப்லோ, தெமோனியோ, சத்தனாஸ்: மூன்றும் ஒன்றுதானா?

பேச்சில் ஏறக்குறைய ஒன்றுதான். பிறப்பு வேறு. 'தியாப்லோ' கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. மூலப் பொருள் அவதூறு சொல்பவன், கோள்மூட்டி. 'தெமோனியோ'வும் கிரேக்கச் சொல்தான், முதலில் நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவான ஆவியைக் குறித்தது. 'சத்தனாஸ்' எபிரேயத்திலிருந்து வந்தது. எதிரி, எதிர்த்து நிற்பவன் என்று பொருள்.

இவை போக செல்லப் பெயர்களும் பட்டப் பெயர்களும் உண்டு. நரகத்துக்கு 'பேத்ரோ போத்தேரோவின் கொப்பரைகள்' என்றொரு பெயர் இருக்கிறது. ஏதோ தெருமுனையில் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கும் பலகாரக்காரரின் பெயர் மாதிரி. மெக்சிகோவில் 'சாமுக்கோ' என்பார்கள். அர்ஜென்டினாவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் நாட்டுப்புறத்தில் 'மந்தீங்கா'. இந்தக் கடைசிப் பெயர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஒரு மக்களின் இனப்பெயர். ஒரு மக்களின் பெயரையே சாத்தானுக்குச் சூட்டியவர்கள் யார் என்று பார்த்தால், அந்தக் கதையில் கோள்மூட்டி வேறு ஆள்.

'தென்தார்' என்ற வினைச்சொல்லுக்கு அகராதியில் 'தொட்டுத் தடவிப் பார்த்தல்' என்றும் இருக்கிறது, 'ஆசை காட்டுதல்' என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. சாத்தானைப் பற்றி ஸ்பானிய மொழி சொல்வதில் பாதி இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பேன்.

லத்தீன் வேரிலேயே தொட்டுப் பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது, முயன்று பார்ப்பது எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஸ்பானியம் அவற்றைப் பிரிக்கவில்லை. மின்சாரம் போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது 'ஆ தியென்தாஸ்'. கன்றுகளின் வீரியத்தைப் பண்ணையில் சோதித்துப் பார்ப்பது 'தியென்தா'. ஆசையில் விழுவது 'தென்தாசியோன்'. அப்படியானால் 'தென்ததோர்' என்று அழைக்கப்படும் சாத்தான் என்ன செய்கிறான்? இருட்டில் உங்களைத் தடவிப் பார்க்கிறான். மாம்பழம் வாங்குகிறவர் அமுக்கிப் பார்ப்பதுபோல, எந்த இடம் கனிந்திருக்கிறது என்று தேடுகிறான்.

தமிழிலும் இதற்குப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. விவிலியத் தமிழில் பாலைவனத்தில் இயேசுவிடம் வருபவன் 'சோதனைக்காரன்'. "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று கத்தோலிக்கர் செபிப்பதும், ஸ்பானியர் 'நோ நோஸ் தேஹெஸ் காயேர் என் லா தென்தாசியோன்' என்று சொல்வதும் ஒரே வாக்கியம், ஒரே விழுதல். ஆனால் நம் 'சோதனை'யில் பரீட்சை வாசனை அதிகம், தின்பண்ட வாசனை இல்லை. ஒரு முறை என் ஸ்பானிய ஆசிரியைக்கு மைசூர்பாகு கொண்டுபோனேன். "நோ மே தியென்தெஸ்", என்னைச் சோதிக்காதே, என்றார். சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்தார்.

அர்ஜென்டினாவில் இதே வினை இன்னொரு திசையில் போய்விட்டது. அங்கே 'மே தென்தே' என்றால் 'சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்துவிட்டேன்' என்று பொருள். துக்க வீட்டில் வரும் சிரிப்பைவிடப் பெரிய சோதனை எது?

சாத்தான் மனிதரை எப்படிக் கெடுக்கிறான் என்று பழமொழிகள் சொல்கின்றன?

ஒரே ஒரு பழமொழி போதும்: "ஆண் நெருப்பு, பெண் சணல் பஞ்சு, சாத்தான் வந்து ஊதுகிறான்."

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று நாமும் சொல்கிறோம். ஆனால் நம் பழமொழியில் மூன்றாம் ஆள் கிடையாது. பஞ்சு தானே பற்றிக்கொள்ளும். ஸ்பானியப் பழமொழியில் ஊத ஓர் ஆள் தேவைப்படுகிறது. அதே சமயம் அந்த ஆள் நெருப்பைக் கொண்டுவரவில்லை, பஞ்சையும் கொண்டுவரவில்லை. இருந்ததை ஊதிவிட்டான், அவ்வளவுதான். ஸ்பானிய மரபில் சாத்தானின் அதிகாரம் பெரும்பாலும் இந்த ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடுகிறது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 1548-இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சி நூலில் இதையே இன்னும் நுணுக்கமாக எழுதுகிறார். எதிரி ஒரு படைத்தலைவன் மாதிரி கோட்டையைச் சுற்றி வந்து பலவீனமான மதிலைத் தேடுகிறான். இன்னோர் உவமை அதைவிடக் கூர்மையானது: கள்ளக் காதலன் மாதிரி, தான் சொன்னதை அப்பாவிடமோ கணவனிடமோ சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறான். வெளியே சொல்லிவிட்டால் அவன் காரியம் கெட்டுவிடும். அவன் தரும் படிக்கட்டிலும் மூன்றே படிகள்: முதலில் பணம், பிறகு வெற்றுப் புகழ், பிறகு செருக்கு. முதல் படியில் பாவம் எதுவும் இருப்பதாகவே தெரியாது.

ஸ்பானிய இலக்கியத்தில் சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட பழைய கதை எது?

13-ஆம் நூற்றாண்டில் கோன்சாலோ தெ பெர்சேயோ பாடிய மரியாளின் அற்புதங்களில் தெயோஃபிலோ கதை இருக்கிறது. பதவி போன வயிற்றெரிச்சலில் சாத்தானுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறான். மரியாள் அந்தப் பத்திரத்தை மீட்டுத் தருகிறாள். இடைத்தரகனாக ஒரு யூதனை நிறுத்தியிருப்பது அந்தக் காலத்து வெறுப்பின் அடையாளம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை யாருக்கும் நான் பாடமாக வைப்பதில்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த நூற்றாண்டுக் கதை. தோன் ஹுவான் மனுவேல் 1335-இல் முடித்த 'கோந்தே லுக்கனோர்' தொகுப்பில் 45-ஆவது.

செல்வனாக இருந்து ஓட்டாண்டியான ஒருவன் மலைக்காட்டில் தனியே நடக்கிறான். எதிரே ஒருவன் வந்து இவன் மனத்தில் இருப்பதையெல்லாம் சொல்கிறான். தான் சாத்தான் என்பதையும் மறைக்கவில்லை. கேட்டதும் இவனுக்கு நடுக்கம்தான். ஆனாலும் வறுமை நடுக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. திருடு, பூட்டுகளை நான் திறந்துவிடுகிறேன், மாட்டிக்கொண்டால் "தோன் மார்த்தின், காப்பாற்றுங்கள்" என்று கூப்பிடு என்பது ஏற்பாடு.

முதல் முறை பிடிபட்டுக் கூப்பிட்டதும் தோன் மார்த்தின் உடனே வந்து விடுவிக்கிறார். பிறகு, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்கும் நிலை. "வேறு வேலை இருந்தது" என்ற வகைப் பதில். ஒவ்வொரு முறையும் இடைவெளி நீள்கிறது. கடைசியில் தூக்குத் தண்டனை. தோன் மார்த்தின் வந்து ஒரு பணப்பையைக் கொடுக்கிறார்: "இதில் ஐந்நூறு மரவேதி இருக்கிறது, நீதிபதியிடம் கொடு."

தூக்கிலிடும் இடத்தில் கயிறு கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் பை கைமாறுகிறது. பையை வாங்கிக்கொண்ட நீதிபதி, "ஒருவனைத் தூக்கிலிடக் கயிறு கிடைக்காமல் போனதை யாராவது பார்த்ததுண்டா? இவன் சாவதைக் கடவுள் விரும்பவில்லை போலும், நாளைக்குப் பார்ப்போம்" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, ஒதுங்கிப் போய்ப் பையைத் திறக்கிறார். உள்ளே பணம் இல்லை. கயிறு இருக்கிறது.

தூக்குமேடையில் அவன் மீண்டும் தோன் மார்த்தினைக் கூப்பிடுகிறான். நண்பர்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை நான் எப்போதும் உதவுவேன் என்கிறார் அவர்.

"நன்றாக ஊழியம் செய்தவனுக்குச் சாத்தான் தரும் கூலி இதுதான்" என்றொரு ஸ்பானியப் பழமொழி உண்டு. ஆனால் நான் இந்தக் கதையை மறக்காமல் இருப்பது அந்த நீதிபதிக்காக. சாத்தான் ஊதியது ஒரே மூச்சு, அதில் பற்றிக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

இந்தக் கதைகளில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள்?

மோசமாகத்தான். அதே தொகுப்பின் 42-ஆவது கதையில், ஒற்றுமையான ஒரு தம்பதியைப் பிரிக்க முடியாமல் சாத்தான் சோர்ந்துபோய் வருகிறான். வழியில் பக்திவேடக்காரி ஒருத்தி, "நான் செய்து காட்டுகிறேன்" என்கிறாள். மனைவியிடம் கணவனைப் பற்றியும், கணவனிடம் மனைவியைப் பற்றியும் கோள் சொல்கிறாள். பிறகு மனைவியிடம், அவன் தூங்கும்போது தொண்டைப் பக்கம் தாடியில் சில மயிர்களைக் கத்தியால் எடுத்துவா, வசியம் செய்து தருகிறேன் என்கிறாள். கணவனிடம் போய், இன்று உன் கழுத்தை அறுக்கப் போகிறாள் என்கிறாள். அவன் தூங்குவதுபோல் கிடக்கிறான், கத்தி வருகிறது, பிடுங்கி அவளைக் கொல்கிறான். அவள் உறவினர் அவனைக் கொல்கிறார்கள். ஊர் முழுக்கச் சண்டை.

பெண் சாத்தானையும் மிஞ்சியவள் என்பது அந்தக் காலத்து ஆண்களுக்குச் சலிக்காத நகைச்சுவை. எனக்கு அந்தப் பகுதியில் ஆர்வமில்லை. அந்தத் தாடி மயிர்தான் முக்கியம்: இரண்டு பேரும் கண்ணால் பார்த்தது உண்மை, அதற்குக் கொண்ட பொருள்தான் பொய்.

ஸ்பானிய நாடகத்தில், ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்ற ஜெர்மன் கதையின் அறிஞன் ஃபாஸ்ட் மாதிரி ஒருவர் உண்டா?

இருவர் உண்டு. மிரா தெ அமெஸ்குவாவின் 'சாத்தானின் அடிமை' 1612-இல் அச்சானது. கால்தெரோன் தெ லா பார்க்காவின் 'அற்புத மந்திரவாதி' 1637-இல் யேபெஸ் என்ற ஊரின் நற்கருணைத் திருவிழாவுக்காக எழுதப்பட்டது. இரண்டிலும் ஒருவன் ஒரு பெண்ணுக்காக ஆன்மாவை விற்கிறான். இரண்டிலும் கடைசியில் கையில் கிடைப்பது எலும்புக்கூடு.

கால்தெரோனின் நாடகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்தியோக்கியாவில் சிப்ரியானோ என்ற அறிஞன். ஹுஸ்தினா என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்காக ஆன்மாவையே கொடுப்பேன் என்று வாய்விடுகிறான். பக்கத்தில் இருந்தவன் ஏற்றுக்கொள்கிறான். ரத்தத்தில் கையெழுத்து. பிறகு சாத்தான் ஹுஸ்தினாவைத் தேடிப் போகிறான். பறவை, கொடி, பூ எல்லாம் அவள் காதில் காதல் காதல் என்று பாடுகின்றன. அவள் தடுமாறுகிறாள். நினைத்துவிட்டாய் அல்லவா, பாதி செய்துவிட்டாய் என்று சாத்தான் வாதம் செய்கிறான். அவள் பதில் பிரமாதம்: நினைப்பது என் கையில் இல்லை, செய்வது என் கையில் இருக்கிறது. இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான். கட்டாயத்துக்குப் பணிந்தால் அதற்குச் சுதந்திர சித்தம் என்று பெயர் ஏது என்கிறாள்.

தோற்ற சாத்தான் அவள் உருவத்தில் ஒரு போலியை அனுப்புகிறான். சிப்ரியானோ முகத்திரையை விலக்குகிறான். எலும்புக்கூடு. "சிப்ரியானோ, உலகத்துப் பெருமையெல்லாம் இப்படித்தான்" என்று அது சொல்லிவிட்டு மறைகிறது. சரக்கைத் தர முடியாத வியாபாரியிடம் கையெழுத்துப் போட்டோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது.

சாத்தான் காட்டுவது எப்போதும் பெண்ணும் பணமும்தானா?

இல்லை. திர்சோ தெ மோலினாவுடையது என்று கருதப்படும், 1635-இல் அச்சான ஒரு நாடகத்தில் அவன் காட்டுவது அவநம்பிக்கை. பத்தாண்டு தவம் செய்த பாவ்லோ என்ற துறவி, எனக்கு முக்தி உண்டா என்று கேட்கிறார். சாத்தான் தேவதூதன் வேடத்தில் வந்து, நேப்பிள்ஸில் என்ரிக்கோ என்று ஒருவன் இருக்கிறான், அவன் முடிவே உன் முடிவு என்கிறான். புனிதர் ஒருவரைப் பார்க்கப் போவதாக நினைத்துப் போன பாவ்லோ பார்ப்பது கொலைகாரன் ஒருவனை. என் தவம் வீண் என்று கொதித்துக் கொள்ளைக்காரனாகிறார். என்ரிக்கோவோ முடமான அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஒரு நல்ல பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியில் மனந்திரும்பிக் கரையேறுகிறான். துறவி கெட்டுப்போகிறார். சாத்தான் சொன்னது ஒரு வாக்கியம். மீதி எல்லாம் துறவியின் கணக்கு.

'நொண்டிச் சாத்தான்' யார்?

'எல் தியாப்லோ கொஹுவேலோ'. லூயிஸ் வேலெஸ் தெ கெவாரா 1641-இல் வெளியிட்ட கதையின் நாயகன். கலகம் செய்து வானத்திலிருந்து விழுந்தபோது இவன்தான் முதலில் விழுந்தானாம். மற்றவர்கள் எல்லாரும் இவன் மேல் விழுந்ததில் கால் போய்விட்டது.

காவலர்களிடமிருந்து தப்பிக் கூரை மேல் ஓடும் தோன் கிளியோஃபாஸ் என்ற மாணவன், ஒரு சோதிடரின் மாடியறையில் குதிக்கிறான். குடுவைக்குள் அடைபட்ட ஒரு குரல் கேட்கிறது. நீ லூசிஃபரா, சத்தனாஸா என்று விசாரிக்கிறான். அவர்கள் எல்லாம் பெரிய இடம். நான் நரகத்தின் தெள்ளுப்பூச்சி, வம்பும் கந்துவட்டியும் என் துறை, ஆட்டங்களைக் கொண்டுவந்தவனும் நானே என்கிறது குரல். விடுவித்ததற்கு நன்றியாக மாணவனைக் கோபுர உச்சிக்குத் தூக்கிப் போய், நள்ளிரவு தாண்டிய மத்ரீத் நகரின் கூரைகளையெல்லாம் இறைச்சிப் பணியாரத்தின் மேல் ஓட்டைப் பெயர்ப்பதுபோலப் பெயர்த்துக் காட்டுகிறான்.

இவன் யாரையும் கெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டிருப்பதைத் திறந்து காட்டுகிறான். பிரெஞ்சுக்காரர் லெசாஜ் 1707-இல் இதைத் தழுவி எழுதி ஐரோப்பா முழுக்கப் பரப்பினார்.

சாத்தானே புகார் சொல்லும் கதை ஒன்று உண்டாமே?

ஸ்பானிய அங்கத எழுத்தாளர் கேவேதோ எழுதியது, 1627-இல் அச்சான 'கனவுகள்' நூலில். ஒரு காவல் அதிகாரிக்குப் பேய் பிடித்துவிட்டது, ஓட்டுகிறார்கள். பேய் குறுக்கிடுகிறது: பேய் பிடித்த காவலன் என்று சொல்லாதீர்கள், காவலன் பிடித்த பேய் என்று சொல்லுங்கள், நாங்கள் இவர்களுக்குள் விருப்பமில்லாமல்தான் இருக்கிறோம்.

சாத்தானை ஏமாற்றியவர்கள் இருக்கிறார்களா?

நிறைய. பெருவின் ரிக்கார்தோ பால்மா எழுதிய லிமா நகரக் கதையில் தோன் திமாஸ் என்ற பத்திர எழுத்தர், ஒரு பெண்ணின் மனம் வேண்டிச் சாத்தானோடு ஒப்பந்தம் போடுகிறார். கெடு முடிந்து சாத்தான் வந்ததும் சட்டைக்குள் அணிந்திருந்த கச்சையைக் கழற்றி நீட்டுகிறார். ஸ்பானியத்தில் 'அல்மா' என்றால் ஆன்மா. 'அல்மியா' என்றால் கேட்பதற்குச் 'சின்ன ஆன்மா' மாதிரி இருக்கும். உண்மையில் அது பழைய காலத்து உள்ளங்கி ஒன்றின் பெயர். பத்திரத்தில் எழுதியிருந்தது இரண்டாவது சொல். சொல் எடுத்துப் பத்திரம் எழுதுகிறவரிடம் கையெழுத்து வாங்கப் போனது சாத்தானின் தப்பு. வழக்கில் தோற்றுப் போகிறான்.

சேகோவியா நகரத்து ரோமானிய நீர்ப்பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. மேட்டுத் தெருவில் தினமும் குடம் சுமந்து அலுத்த பெண், விடிவதற்குள் வாசலுக்குத் தண்ணீர் வந்தால் ஆன்மாவைத் தருகிறேன் என்கிறாள். சேவல் கூவும்போது கடைசிக் கல் ஒன்று பாக்கி. அவள் தப்பித்தாள், ஊருக்குப் பாலம் மிச்சம். 2019-இல் இந்தக் கதையின் நினைவாக, கைப்பேசியில் தற்படம் எடுத்துச் சிரிக்கும் சாத்தான் சிலையை அங்கே வைக்கப் போனபோது, சாத்தானை இவ்வளவு நல்லவனாகக் காட்டக்கூடாது என்று ஒரு பகுதி மக்கள் நீதிமன்றம்வரை போனார்கள். சிலை வந்தது. ஆனால் அந்த எதிர்ப்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆசை காட்டுபவன் அழகாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் பாட்டிகள் சொன்னதுதானே.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அவன் மாறிவிட்டானா?

உடை மாறிவிட்டது. மெக்சிகோவில் கிறிஸ்துமஸை ஒட்டி 'பஸ்தொரேலா' என்ற இடையர் நாடகம் போடுவார்கள். பெத்லகேமுக்குப் போகும் இடையர்களை வழிமறித்துச் சாத்தான்கள் சாப்பாடு, மது, தூக்கம் என்று கடைவிரிக்கின்றன. தேவதூதர் மிக்கேல் வந்து அடித்து விரட்டும்வரை மேடை சாத்தான்களுக்கே சொந்தம். பார்தோலோ என்ற சோம்பேறி இடையன் எதற்கும் எழுந்திருக்க மாட்டான். அவனைக் கெடுக்கச் சாத்தானுக்கே வேலை மிச்சம்.

பொலிவியாவின் பொத்தோசிச் சுரங்கங்களில் அவன் பெயர் 'எல் தியோ', மாமா. கொம்பு வைத்த களிமண் உருவம். தொழிலாளர்கள் அதன் வாயில் சிகரெட் பற்றவைத்து, கொக்கா இலையும் சாராயமும் படைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். மேலே கடவுளின் ராஜ்யம், கீழே மாமாவின் ராஜ்யம். எல்லைச்சாமிக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அர்ஜென்டினாவில் எஸ்தானிஸ்லாவ் தெல் காம்போ 1866-இல் எழுதிய கவிதையில் ஒரு மாட்டுக்காரர் புவெனஸ் ஐரிஸ் போய் ஃபாஸ்ட் ஓப்பேராவைப் பார்த்துவிட்டு, நடந்ததெல்லாம் நிஜம் என்ற தொனியில் நண்பனிடம் விவரிக்கிறார். நண்பனும் சிலுவை போட்டுக்கொண்டே கேட்கிறான்.

'கே தியாப்லோஸ்' ('என்ன சனியன்' என்பதுபோல) என்று சொல்வது மரியாதைக் குறைவா?

கெட்ட வார்த்தை அல்ல. ஆனால் மாமியார் முன்னால் வேண்டாம். சாத்தான் பெயரை வாயால் சொல்லத் தயங்கியவர்கள் பாதியில் திருப்பிவிட்ட சொற்களும் இருக்கின்றன: 'தியாந்த்ரே', 'தெமோந்த்ரே'. இப்போது அவற்றைச் சொன்னால் பழைய காலத்து ஆள் என்று சிரிப்பார்கள்.

அளவு மீறியதற்கெல்லாம் அவன் பெயர்தான். 'ஆயிரம் பேய்களின் குளிர்' என்பார்கள். நம் பேய்மழை, பேய்க்காற்று போல. உப்பு கூடிய குழம்பு 'பேய்களின் ருசி'. கண்காணாத ஊர் தென் அமெரிக்காவில் 'சாத்தான் போஞ்சோவைத் தொலைத்த இடம்'. போஞ்சோ என்பது தலைவழியே மாட்டிக்கொள்ளும் கம்பளிப் போர்வை. நாம் வால் என்று திட்டும் பிள்ளைகள் அங்கே 'சாத்தானின் தோலில் பிறந்தவர்கள்'. நம் ஊசித்தட்டான் அங்கே 'சாத்தானின் குட்டிக் குதிரை'. மெக்சிகோவில் மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருடுவதற்கும் 'தியாப்லித்தோ', குட்டிச்சாத்தான், என்றே பெயர்.

எந்தப் பழமொழிகளை முதலில் கற்கலாம்?

தலைப்பில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்: சாத்தானுக்கு வேலையில்லாதபோது வாலால் ஈ அடிப்பான். சும்மா இருப்பவன் செய்யும் உதவாத வேலைக்குச் சொல்வது. கடையில் ஈ ஓட்டுகிறவர்களுக்கு உடனே புரியும்.

"சாத்தானுக்குத் தெரிவது சாத்தான் என்பதால் அல்ல, கிழவன் என்பதால்" என்பது அனுபவசாலிகள் இளைஞர்களை அடக்கச் சொல்வது. பழம் தின்று கொட்டை போட்டவர்களின் மொழி. "கடவுளுக்கு ஒரு மெழுகுவர்த்தி, சாத்தானுக்கு ஒரு மெழுகுவர்த்தி" என்றால் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். "சிலுவைக்குப் பின்னால் சாத்தான் நிற்கிறான்" என்பது வேடதாரிகளுக்கு. "மாமிசம் தின்று அலுத்த சாத்தான் சாமியாரானான்" என்பது வயதான பிறகு ஒழுக்கம் போதிப்பவர்களுக்கு. நாளிதழ் படிக்கும்போது அதிகம் நினைவுக்கு வருவது இதுதான். "துப்பாக்கியில் தோட்டா நிரப்புபவன் சாத்தான்" என்பது காலியாக இருக்கிறது என்று துப்பாக்கியை விளையாட்டுக்கு நீட்டுபவர்களுக்கு.

ஒருவரைப் பற்றிப் பேசும்போதே அவர் வந்துவிட்டால்?

நாம் நூறு ஆயுசு கொடுப்போம். அவர்கள், இங்கே மட்டும் சாத்தானை விட்டுவிட்டு, "ரோமாபுரி அரசரைப் பற்றிப் பேசினால் வாசலில் தலை தெரியும்" என்பார்கள். பழைய வடிவத்தில் அரசர் இல்லை, 'ரோமாபுரிக் கயவன்'. கயவனுக்கு எப்படியோ பட்டம் சூட்டிவிட்டார்கள்.

'சாத்தானின் வக்கீல்' என்று உண்மையிலேயே பதவி இருந்ததா?

இருந்தது. புனிதர் பட்டம் தரும் விசாரணையில் எதிர்வாதம் செய்யும் திருச்சபை அதிகாரிக்கு மக்கள் வைத்த பெயர். 1587-இல் நிலைபெற்ற பதவி, 1983-இல் இரண்டாம் ஜான் பால் செய்த மாற்றத்தில் பழைய பலத்தை இழந்தது.

இவ்வளவு சிரித்தவர்கள் சாத்தானுக்காக ஆட்களை எரிக்கவும் செய்தார்களே?

செய்தார்கள். 1610-இல் லோக்ரோஞ்ஞோ நகரில், சுகர்ராமுர்தி பகுதிச் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி ஆறு பேரை உயிரோடும், ஐந்து பேரை உருவப் பொம்மையாகவும் எரித்தார்கள். பிறகு ஊர் ஊராகப் போய் விசாரித்த சலசார் ஃப்ரியாஸ் என்ற விசாரணை அதிகாரி, சூனியக்காரர்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கியதற்கு முன்னால் அங்கே அப்படி யாருமே இருக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார். கோள்மூட்டி என்ற மூலப் பொருளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு முன்பே 16-ஆம் நூற்றாண்டுக் கன்னியாஸ்திரீ அவிலாவின் தெரேசா சொல்லிவிட்டார். சாத்தானைக் கண்டு பயமில்லை, சாத்தான் சாத்தான் என்று பயந்து அலறுகிறவர்களைக் கண்டுதான் பயமாக இருக்கிறது என்று தன்வரலாற்றில் எழுதுகிறார்.

அவனைப் பார்க்க வேண்டுமானால் எங்கே போகலாம்?

மத்ரீத் நகரத்து ரெத்தீரோ பூங்காவுக்கு. ரிக்கார்தோ பெய்வேர் 1877-இல் உருவாக்கிய 'விழுந்த தேவதூதன்' 1885 முதல் அங்கே இருக்கிறான். கொம்பு கிடையாது. பாம்பு சுற்றிய இளைஞன், ஒரு சிறகு உயர்ந்து, வாய் திறந்து வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். கடல் மட்டத்திலிருந்து சரியாக 666 மீட்டர் உயரத்தில் நிற்கிறான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா என்று நான் கேட்டதில்லை.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் மெக்சிகோவின் லொத்தெரீயா சீட்டுக்கட்டு ஒன்றை வாங்குங்கள். தம்போலா மாதிரி விளையாட்டு, எண்ணுக்குப் பதில் படம். இரண்டாம் எண் அட்டை குட்டிச்சாத்தான். அட்டையை உருவுகிறவர் பெயரைச் சொல்ல மாட்டார், ஒரு வரி பாடுவார்: "ஒழுங்காக இரு தம்பி, இல்லாவிட்டால் அந்தச் சிவப்பன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்." விளையாடுகிறவர்கள் தங்கள் பலகையில் சிவப்பனைத் தேடி, அவன் தலையில் ஒரு அவரை விதையை வைப்பார்கள்.